ஆறு பேரில் நால்வர்: போகிமான் போட்டிக்கு அணி அமைக்கும் முறை

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியபோது, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை என்ற செய்தியே எங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், சண்டைகளை மட்டுமே மையமாகக் கொண்ட ‘போகிமான் சாம்பியன்ஸ்’ என்னும் விளையாட்டு கைப்பேசிக்கும் வரவிருப்பதாக அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால், பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. பிள்ளை மணிக்கணக்கில் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டு ஆடும் இந்த ஆட்டம் சூதாட்டமா, சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனின் தொடர்ச்சியா, பயிற்சி எடுத்து ஆட வேண்டிய போட்டியா? போட்டி என்பதே சரியான விடை. அந்த நோட்டில் உள்ள எண்கள் எதற்கு என்பது புரிந்தால், ஏன் அது சரியான விடை என்பதும் புரியும்.

எந்தப் போகிமானைப் பற்றிய பேச்சு இது

போகிமான் என்பவை கற்பனை உயிரினங்கள். அந்த ஒரே பெயரில் வெவ்வேறு விளையாட்டுகள் புழங்குகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. போகிமான் கோ, 2016இல் வந்தது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து உயிரினங்களைப் பிடிப்பது.

2. போகிமான் யுனைட், 2021இல் வந்தது. ஐவருக்கு எதிராக ஐவர் ஆடும் விரைவாட்டம்.

3. மூல வரிசை, 1996இல் ஜப்பானில் தொடங்கியது. இரு தரப்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கள் கட்டளைகளைத் தேர்ந்தெடுத்த பிறகே களத்தில் அசைவு நடக்கும். கைவேகத்துக்கு இங்கே வேலையில்லை. இந்த வரிசையைக் கொண்டு 2009 முதல் நடத்தப்படும் உலக அளவிலான போட்டித் தொடருக்கு வீடியோ கேம் சாம்பியன்ஷிப்ஸ், சுருக்கமாக வி.ஜி.சி., என்று பெயர்.

இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. கீழே வரும் எண்களும் விதிகளும் 2022 நவம்பரில் வெளியான ஸ்கார்லெட், வயலட் ஆகிய பதிப்புகளைச் சேர்ந்தவை.

களத்தின் அமைப்பு

ஒவ்வொரு போட்டியாளரும் ஆறு போகிமான்களைக் கொண்ட அணியோடு வருகிறார். ஆட்டம் தொடங்கும் முன் இரு தரப்பும் எதிரணியின் ஆறையும் பார்த்து, தத்தம் ஆறிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு 90 வினாடிகள் தரப்படுகின்றன. அந்த நான்கில் இரண்டு முதலில் களமிறங்கும், மற்ற இரண்டு பின்னால் காத்திருக்கும். எல்லாம் வளர்ச்சியில் 50ஆம் நிலைக்குச் சமப்படுத்தப்படுகின்றன. ஒரே இனம் இரண்டு இருக்கக் கூடாது. ஐட்டம் எனப்படும் உதவிப் பொருளில் ஒரே வகையை இரண்டு போகிமான்கள் வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொன்றும் மூவ் எனப்படும் செயல்களில் நான்கை மட்டுமே எடுத்துச் செல்லலாம்.

ஆறில் முதல் இருவரையும் பின்னிருவரையும் தேர்ந்தெடுக்க மொத்தம் 90 வழிகள் உள்ளன. எதிராளிக்கும் அதே 90. அணியைக் கட்டும்போதே இந்தத் தேர்வை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்பதுதான் புதிதாக ஆடுபவர்கள் தவறவிடும் முதல் விஷயம். அவர்கள் தமக்குப் பிடித்த, தனித்தனியே வலுவான ஆறைச் சேர்க்கிறார்கள். நெல்லைச் சீமையில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் குறையை விளக்க வேண்டியதில்லை. களத்தில் இறங்கும் ஏழு பேரும் நன்றாகப் பாடிப் போகிறவர்களாகவே இருந்தால், எதிரணி பாடி வரும்போது கார்னரில் நின்று காலைப் பிடிக்க ஆள் இருக்காது. கவரில் நிற்பவர் ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஆட்டம் முழுதும் தேவைப்படலாம். போகிமான் அணியிலும் அடிப்பவர், அடிப்பவரைக் காப்பவர், வேகத்தை மாற்றுபவர், எதிரியின் திட்டத்தைக் குலைப்பவர் என்ற பங்குகள் உண்டு. ஆறு பேருக்குள் அவை சரியாகப் பகிரப்பட்டிருக்கின்றனவா என்பதே கேள்வி.

வகைகளும் பெருக்கலும்

நெருப்பு, நீர், மின்சாரம், பனி, உருக்கு என மொத்தம் 18 வகைகள். ஒரு வகைத் தாக்குதல் மற்றொரு வகையின்மீது இரட்டிப்பாகவோ பாதியாகவோ விழலாம், விழாமலே போகலாம். ஒரு போகிமானுக்கு இரண்டு வகைகள் இருக்கக்கூடும் என்பதால் விளைவுகள் பெருகும். டிராகனும் நிலமும் ஆன கார்சோம்ப்பின்மீது பனித் தாக்குதல் நான்கு மடங்காக இறங்கும். நீரும் பறத்தலும் ஆன கியாரடோஸின்மீது மின்சாரம் நான்கு மடங்கு.

இதற்கு மேல் டெரா என்றொரு விதி உண்டு. ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு போகிமானின் வகையை முன்கூட்டியே தீர்மானித்த வேறொரு வகையாக மாற்றலாம். கார்சோம்ப் உருக்கு வகையாக மாறினால் நான்கு மடங்காக விழவிருந்த பனி பாதியாகிவிடும். அதாவது எட்டில் ஒரு பங்கு. எந்தச் சுற்றில் அதைச் செலவிடுவது என்பதிலேயே பல ஆட்டங்கள் தீர்மானமாகின்றன.

தன் வகையைச் சேர்ந்த மூவைப் பயன்படுத்தினால் 1.5 மடங்கு, இரண்டு எதிரிகளையும் ஒருசேரத் தாக்கும் மூவுக்கு 0.75 மடங்கு, மழை பெய்தால் நீருக்கு 1.5 மடங்கு, நெருப்புக்குப் பாதி. கடைசியாக, 85 முதல் 100 சதவீதம் வரையிலான 16 மதிப்புகளில் ஒன்று தற்செயலாகச் சேரும். ஒரு தாக்குதலைத் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ வராமல், ‘16இல் 15 முறை தாங்கும்’ என்ற வடிவில் வருவது இதனால்தான்.

வேகம்: ஒரு புள்ளியின் விலை

உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என ஒவ்வொரு போகிமானுக்கும் ஆறு திறன்கள் உள்ளன. இவற்றுள் வேகம் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. தாக்குதலில் ஒரு புள்ளி கூடினால் அடி சிறிதளவே கூடும். வேகத்தில் ஒரு புள்ளி கூடினால் முந்துபவரே மாறிவிடுவார். முந்தி அடித்து வீழ்த்தியவருக்கு எதிரடி கிடையாது. எனவே அணி அமைப்பதில் அதிக உழைப்பைக் கோருவது வேகக் கணக்கே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இறுதி வேகம் நான்கு பொருள்களால் அமைகிறது.

1. இனத்துக்கு உரிய அடிப்படை எண். கார்சோம்ப்புக்கு 102, இன்சினரோருக்கு 60.

2. ஐ.வி. எனப்படும் பிறவி மதிப்பு. 0 முதல் 31 வரை.

3. ஈ.வி. எனப்படும் பயிற்சி மதிப்பு. ஆறு திறன்களுக்கும் சேர்த்து 510. ஒன்றுக்கு அதிகபட்சம் 252. பிறவி மதிப்பு 31ஆக இருக்கும்போது, 50ஆம் நிலையில் முதல் 4 ஈ.வி. ஒரு புள்ளியையும், அதன்பின் ஒவ்வொரு 8உம் ஒரு புள்ளியையும் தரும்.

4. நேச்சர் எனப்படும் சுபாவம். 25 சுபாவங்களில் பெரும்பாலானவை ஒரு திறனைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும்.

இதன்படி, வேகத்துக்கு முழுப் பயிற்சி கொடுத்த கார்சோம்ப்பின் வேகம் 154. வேகத்தைக் கூட்டும் சுபாவமும் சேர்ந்தால் 169. வேகத்தில் எதுவுமே செலவிடாத இன்சினரோரின் வேகம் 80. இரண்டுக்கும் எட்டாத தூரம் என்று தோன்றும். ஆனால் டெயில்விண்ட் என்றொரு மூவ் உண்டு. அது போடப்பட்டால் நான்கு சுற்றுகளுக்கு அந்த அணியின் வேகம் இரட்டிப்பாகும். இன்சினரோர் 160க்கு உயரும். அது 154 வேகமுள்ள கார்சோம்ப்பை முந்தும்; 169 உள்ளதை முந்தாது.

169ஐயும் முந்த வேண்டுமானால் இன்சினரோரின் வேகம் 85 ஆக வேண்டும்; இரட்டித்தால் 170. அதற்கு ஐந்து புள்ளிகள் தேவை. ஐந்து புள்ளிகளுக்கு 36 ஈ.வி. போதும். அந்த 36ஐ உயிரிலிருந்தோ தற்காப்பிலிருந்தோ எடுக்க வேண்டும். எடுத்தால் அதுவரை தாங்கிய ஏதோ ஓர் அடியைத் தாங்காமல் போகலாம். களத்தில் கார்சோம்ப் எவ்வளவு அடிக்கடி எதிர்ப்படுகிறது, அந்த அடி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற இரண்டையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். பிள்ளையின் நோட்டில் ‘36’ என்று தனியே வட்டமிட்டிருந்தால், அதன் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று பொருள்.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு உண்டு. டிரிக் ரூம் என்ற மூவ் போடப்பட்டால் ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானதே முதலில் அசையும். அது போடப்பட்ட சுற்றும் அந்த ஐந்தில் சேர்த்தி. அடிப்படை வேகம் 20 மட்டுமே உள்ள டார்கோலுக்குப் பிறவி மதிப்பு 0உம் வேகத்தைக் குறைக்கும் சுபாவமும் கொடுத்தால் இறுதி வேகம் 22க்கு இறங்கும். மெதுவாக இருப்பதற்காகவே இவ்வளவு சிரத்தை எடுக்கிறார்கள். ஆனால் டிரிக் ரூமுக்கு ஒரு விலை உண்டு: சுற்றில் எல்லோரும் அசைந்து முடித்த பிறகே அது நடக்கும். அதுவரை போடுபவர் விழாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் ஒரு துணை: முதல் சுற்றில் எதிரி ஒருவரை ஃபேக் அவுட் மூலம் தடுமாறச் செய்பவரோ, ஃபாலோ மீ மூலம் அடிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்பவரோ. எதிராளியும் ஃபேக் அவுட் வைத்திருப்பார் என்பதால், ஆர்மர் டெயில் என்ற இயல்பை, அதாவது பிறவிப் பண்பை, கொண்டு, ஃபேக் அவுட் போல வேகம் பாராமல் முதலில் நடக்கும் முந்துரிமை மூவ்களைத் தன் பக்கம் அண்டவிடாத ஃபாரிஜிராஃப்பை டிரிக் ரூம் போட வைப்பார்கள். ஒரு மூவை நடத்திக்காட்டுவதற்கே இரண்டு பேரும் ஒரு மறுதிட்டமும் தேவைப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பச்சிரிசு சொன்ன பாடம்

2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் சே ஜுன் பாக் வென்றார். அவர் அணியில் பச்சிரிசு என்ற சிறிய மின்சார அணில் இருந்தது. கார்சோம்ப்பின் ஆறு அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகை 600. பச்சிரிசுவுக்கு 405 மட்டுமே. உலக இறுதிப் போட்டியில் யாரும் எதிர்பாராத தேர்வு.

அது தற்செயல் அன்று. பாக்கின் முதன்மைத் தாக்குபவர்களுள் ஒன்று கியாரடோஸ். அதன் பெரும்பகை மின்சாரம். பச்சிரிசுவுக்கு வோல்ட் அப்சார்ப் என்ற இயல்பு உண்டு. மின்சார அடியால் அதற்குக் காயம் ஏற்படாது, உயிர் கூடும். ஃபாலோ மீ மூலம் அடியைத் தன்பக்கம் இழுத்தும் கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கியாரடோஸின் மிகப் பெரிய பலவீனம் பக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. அதோடு சூப்பர் ஃபேங் என்ற மூவ் எதிரியின் மிஞ்சிய உயிரைப் பாதியாக்கும். அதற்குத் தாக்குதல் திறன் தேவையில்லை. ஆகவே பச்சிரிசுவின் பயிற்சி மதிப்பைத் தாங்கும் திறனில் போட முடிந்தது. அணியிடம் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்கு இந்த அணில் விடையாக அமைந்தது. ‘இது வலுவானதா’ என்று கேட்பதைவிட ‘இது எதற்கு விடை’ என்று கேட்பவரே நல்ல அணியைக் கட்டுகிறார்.

விதித் தொகுப்பும் பருவமும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு நெற்பருவங்கள். சம்சாரிகள் பருவம் பார்த்தே விதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வி.ஜி.சி.யிலும் ரெகுலேஷன் என்னும் விதித் தொகுப்பு சில மாதங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. ஸ்கார்லெட், வயலட் காலத்தில் ஜி என்ற தொகுப்பில் பேராற்றல் படைத்ததால் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்ட போகிமான்களில் ஒன்றை அணியில் வைக்க அனுமதி இருந்தது. எச் தொகுப்பில் அவை அறவே இல்லை. ஐ தொகுப்பில் இரண்டு வரை வைக்கலாம். எச் தொகுப்பில் ஆட்டங்கள் பொதுவாக நீண்டு, தாங்குபவர்களுக்கு இடம் கிடைத்தது. ஐ தொகுப்பில் ஒரே அடியில் வீழ்த்தும் வலிமை மலிந்து, முதல் இரண்டு சுற்றுகளின் எடை கூடியது. இப்போது அதிகமாக ஆடப்படுவன எவை, அவற்றை எதிர்ப்பன எவை என்ற ஒட்டுமொத்த நிலவரத்துக்கு மெட்டா என்று பெயர். போன பருவத்தில் வென்ற அணியை இந்தப் பருவத்துக்கு அப்படியே எடுத்துவருவது பெரும்பாலும் தோல்வியில் முடிகிறது.

தயாரிப்பு: கைப்பேசியும் நோட்டும்

இந்த ஆட்டம் ஓடும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி விலை கூடியது. அது இல்லாமல் தொடங்கவே முடியாது என்று பலர் நினைத்து ஒதுங்குகிறார்கள். பயிற்சியைப் பொறுத்தவரை இது தவறான எண்ணம். போகிமான் ஷோடவுன் என்ற இலவச இணையதளத்தில், கைப்பேசி உலாவியிலேயே, நினைத்த அணியைச் சில நிமிடங்களில் எழுதி உலகின் எந்த மூலையில் உள்ளவரோடும் ஆடலாம். அங்கே எவை எவ்வளவு பயன்படுத்தப்படுகின்றன என்ற புள்ளிவிவரமும் மாதந்தோறும் வெளியாகிறது. தயாரிப்பு பின்வரும் வரிசையில் அமைவது நல்லது.

1. நடப்பு விதித் தொகுப்பில் அதிகம் ஆடப்படும் இருபது போகிமான்களின் வேக எண்களை ஏறுவரிசையில் எழுதுவது. டெயில்விண்டில் அவை என்னவாகும் என்பதைப் பக்கத்தில் குறிப்பது.

2. ஒன்றையொன்று தாங்கும் ஓர் இணையைத் தேர்ந்தெடுப்பது. மழையைக் கொண்டுவரும் பெலிப்பரும், மழையில் வேகம் இரட்டிக்கும் ஸ்விஃப்ட் ஸ்விம் இயல்புடைய ஒன்றும் எளிய எடுத்துக்காட்டு.

3. அந்த இணை எவற்றிடம் தோற்கும் என்று பட்டியலிட்டு, மீதி நான்கு இடங்களை அப்பட்டியலுக்கு விடையாக நிரப்புவது.

4. ஆடுவது, தோற்றவற்றைப் பதிவு செய்வது.

நான்காவதில்தான் உண்மையான வளர்ச்சி இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆட்டம் தோற்றதும் ஒரு போகிமானைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடுவது, மறுபடி தோற்றதும் இன்னொன்றை மாற்றுவது என்று போனால், ஒரு வாரத்தில் அணியும் தெரியாது, எதிரணிகளும் தெரியாது. ஒவ்வொரு தோல்விக்கும் மூன்று வரி எழுதினால் போதும்: எந்த நால்வரை எடுத்தேன், எந்தச் சுற்றில் எந்த எதிரிப் போகிமானால் ஆட்டம் கைவிட்டுப் போனது, காரணம் அணியா, முடிவா, தற்செயலா. இருபது தோல்விகளை எழுதிய பிறகு ஒரே எதிரியின் பெயர் எட்டு முறை வந்திருந்தால் அணியில் ஓட்டை இருக்கிறது. பெயர்கள் சிதறியிருந்தால் அணியை மாற்ற வேண்டியதில்லை. ஆடுபவரின் தேர்வே மாற வேண்டும்.

தற்செயல் என்ற காரணத்தை நேர்மையாக எழுதுவதும் முக்கியம். ஹைட்ரோ பம்ப் என்ற மூவ் 80 சதவீதமே குறிதவறாமல் படும். ஒரு திட்டம் அது நான்கு முறையும் படுவதை நம்பியிருந்தால், வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 41 சதவீதந்தான். அந்தத் திட்டம் தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறைசொல்ல இடமில்லை.

போட்டி நாளில்

பெரிய போட்டிகள் ஸ்விஸ் முறையில் தொடங்குகின்றன. தோற்றவர் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் சமமான வெற்றிக் கணக்கு உள்ளவர்கள் மோதுகிறார்கள், முன்னணியில் நிற்பவர்கள் டாப் கட் என்னும் வெளியேற்றச் சுற்றுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு மோதலும் மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்பவருக்கு. ஒரு தனி ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்புள்ளவருக்கு மூன்று ஆட்ட மோதலில் 64.8 சதவீதம் கிடைக்கிறது. நிதானமாக ஆடுபவருக்கு இம்முறை சாதகம்.

2022-23 பருவத்திலிருந்து பெரிய போட்டிகளில் அணித்தாள்கள் எதிராளிக்குக் காட்டப்படுகின்றன. இனம், இயல்பு, ஐட்டம், மூவ்கள், டெரா வகை எல்லாம் தெரியும். பயிற்சி மதிப்புகள் தெரியாது. ஒளித்து வைத்த மூவால் திகைக்க வைக்கும் வழி இதனால் அடைபட்டது. ஒளிந்திருப்பது எண்கள் மட்டுமே. மேலே கண்ட 36இன் மதிப்பு இதனால் இன்னும் கூடியது.

கட்டளை கொடுக்க ஒரு சுற்றுக்கு 45 வினாடி, ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கு மொத்தம் ஏழு நிமிடம். கபடியில் பாடிப் போகிறவருக்கு 30 வினாடி என்பதோடு ஒப்பிட்டால் சற்றே தாராளம். ஆனாலும் எதிர்பார்க்கும் முக்கிய அணி வகைகள் ஒவ்வொன்றுக்கும் யார் முதலில், யார் பின்னால் என்று முன்பே எழுதி மனப்பாடம் செய்யாதவருக்கு ஏழு நிமிடம் போதவே போதாது.

ஸ்விட்சில் ஆடும்போது இன்னொரு எச்சரிக்கை. போகிமானை விளையாட்டுக்குள் முறையாகப் பெறாமல், வெளி மென்பொருளால் உருவாக்கி எடுத்துவருவது விதிமீறல். 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் இதற்காகவே சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். பிறரிடமிருந்து மாற்றிக்கொண்டது என்றாலும் பொறுப்பு கொண்டுவந்தவருடையதே.

சூதாட்டமா என்ற கேள்வி

2025ஆம் ஆண்டின் சட்டம் இணைய விளையாட்டுகளை இ-ஸ்போர்ட்ஸ் எனும் மின்னணு விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பிரிக்கிறது, தடை மூன்றாவதற்கே. போட்டியில் சேர்வதற்கான கட்டணமும் திறமைக்குத் தரும் பரிசுத் தொகையும் இ-ஸ்போர்ட்ஸில் இருக்கலாம், பந்தயம் இருக்கக் கூடாது. உரிய அங்கீகாரமும் வேண்டும். முன்னதாக 2022 டிசம்பரிலேயே மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்த்திருந்தது. ஆகவே பெற்றோர் பார்க்க வேண்டியது, ஆட்டத்தின் முடிவின்மீது யாரேனும் பணம் வைக்கிறார்களா என்பதை. ஷோடவுனில் ஆடிப் பழகுவதில் பணம் என்ற பேச்சே இல்லை.

நெல்லையிலிருந்து ஆடுபவருக்கு

இணையப் போட்டிகளுக்கான நேரம் முதல் தடை. நியூயார்க்கில் கோடைக்கால மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் போட்டி நமக்கு மறுநாள் அதிகாலை 3.30க்கு வரும்; லண்டனின் கோடைக்கால இரவு ஏழு மணி நமக்கு 11.30. டோக்கியோவின் இரவு ஏழு மணியோ பிற்பகல் 3.30தான். பள்ளி, கல்லூரி மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் கிழக்காசிய நேரத்துப் போட்டிகளைத் தேர்ந்தெடுத்தால் தூக்கமும் கெடாது, ஆறு ஏழு சுற்றுகளையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

இணைப்பு அறுந்தால் அந்த ஆட்டம் பொதுவாகத் தோல்வியாகவே கணக்கிடப்படும். எனவே மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பில் தங்கள் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வைஃபை நின்றால் மாற்றிக்கொள்ள வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியை முழுச் சார்ஜில் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அணித்தாளின் நகலும் முதல் இருவர், பின்னிருவர் திட்டமும் திரையில் இல்லாமல் தாளில் இருப்பது நல்லது; சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் புரட்டிப் பார்க்க அதுவே வசதி.